பென்டிரைவ் வரிசை

"நீர் உண்மையிலேயே இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறீரா?"

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி இப்படிக் கேட்டாள். அவள் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள். அவள் வீட்டில் நெருக்கமானவர்களை 'நீர்' என்பார்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அதனால் முதல் பருவம் முழுக்க அவள் என்னோடு கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அறையைக் கூட்டும்போது நான் ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அது முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குப் போனேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, அதற்கு அடுத்தது இது இல்லையே என்றாள். இதுதான் அடுத்தது என்றேன். அவள் அலமாரியைத் திறந்து குறுந்தட்டை எடுத்து அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். அசல் குறுந்தட்டு, பிளாஸ்டிக் உறைகூடக் கீறல் விழாமல் இருந்தது. அதில் இருந்த வரிசைக்கும் எனக்குத் தெரிந்த வரிசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனக்கு முதல் பாட்டு அதில் நடுவில் எங்கோ இருந்தது. எனக்குக் கடைசிப் பாட்டு அதில் முதலில் இருந்தது.

அந்த இசைக்குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. இங்கே தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எல்லோரும் நம் பக்கத்துப் பையன்கள்தான். கித்தாரும் உருமியும் வேகமான வார்த்தைகளும் கலந்து அவர்கள் ஓர் ஆல்பம் போட்டார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படித்தபோது அது வந்தது. கிள்ளானில் எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காரும் அதைத்தான் பாடியது. எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது என் அண்ணன். லிட்டில் இந்தியாவில் கைப்பேசி விற்கும் கடை ஒன்றில் பென்டிரைவைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். அண்ணன் ஏற்றிக்கொண்டு வந்து காரில் செருகினான். அந்தக் கார் பாட்டுகளை ஆங்கில எழுத்து வரிசைப்படி பாடும். எந்தப் பாட்டின் பெயர் 'ஏ'யில் தொடங்குகிறதோ அதுதான் முதல் பாட்டு. அவ்வளவுதான் விஷயம். இசைக்குழு யோசித்து வைத்த வரிசை எங்கள் காருக்குள் வரவே இல்லை.

தோழி குறுந்தட்டைக் காட்டிய அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் துறைமுகத்தில் லோரியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவங்கதான் தப்பா போட்டிருக்காங்கலா. போய் மாத்தச் சொல்லு" என்றான். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். வைத்துவிட்டான்.

அண்ணனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அப்பா எனக்கு முகம் பதியும் முன்பே போய்விட்டார். அண்ணன் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லோரியில் உதவியாளாக ஏறினான், பிறகு உரிமம் எடுத்து ஓட்டுநரானான். நான் தமிழ்ப்பள்ளியிலிருந்து, மலாய் மொழிப் பள்ளிக்குத் தயார் செய்யும் புகுமுக வகுப்பு போய், ஐந்தாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகம் நுழைய எஸ்டிபிஎம் தேர்வு எழுதி, பட்டம் வாங்கினேன். எங்கள் வம்சத்தில் பட்டமளிப்பு அங்கி போட்டவள் நான் ஒருத்திதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இப்போது ஷா ஆலாமில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இரத்த மாதிரிகள் வரும். பெயர் இருக்கும், ஆள் இருக்காது. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும். பிளாட்டில் படிக்க இடம் இல்லை. அண்ணன் கார் சாவியைக் கொடுப்பான். கீழே போய் முன்சீட்டில் உட்கார்ந்து, சன்னலை இறக்கிவிட்டு, பாட்டைச் சின்னதாக வைத்துப் படிப்பேன். உயிரியல் பாடத்தில் சில பக்கங்கள் இன்னும் எனக்குச் சில பாட்டுகளோடுதான் நினைவுக்கு வரும். இதைச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். அந்தப் பாட்டுகளில் பாதி சத்தம், பாதி திட்டு. ஆனால் அப்படித்தான் படித்தேன்.

மேடை நிகழ்ச்சி என்றால் அண்ணன் விடமாட்டான். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதுபோல எங்கே நடந்தாலும் போவான். என்னையும் இழுத்துக்கொண்டு போவான். முன்வரிசைதான். கூட்டம் குதிக்கத் தொடங்கினால் என் இரண்டு பக்கமும் கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டு அவனும் குதிப்பான். வீட்டுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் தொண்டை இருக்காது. அக்கம்பக்கம் எழுந்துவிடும் என்று அம்மா சைகையிலேயே திட்டுவார்.

போன ஆண்டு, மழை பெய்த ஒரு காலை நேரத்தில், கூட்டரசு நெடுஞ்சாலையில் அண்ணன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வயசுப் பையன் இறந்தால் கூட்டாளிகள் அவனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். உருமி மேளமும் வரும், தேவாரம் பாடுகிறவரும் வருவார். அவர்கள் முடித்த பிறகு கூட்டாளிகளின் முறை. அன்று அண்ணனின் காரை பிளாட்டின் வாசலுக்குக் கொண்டுவந்து, நான்கு கதவையும் திறந்துவைத்து, அந்த ஆல்பத்தைப் போட்டார்கள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பென்டிரைவ் எப்போதும் போல முதலிலிருந்து தொடங்கியது. சடங்கு நடக்க நடக்க அது ஒவ்வொன்றாக ஓடியது. தூக்கும் நேரத்தில் கடைசிப் பாட்டு வந்தது.

எங்கள் கடைசிப் பாட்டில் வார்த்தை கிடையாது. உருமியும் டிரம்ஸும் மட்டும். மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் வெட்டினாற்போல் நின்றுவிடும். ஏன் இப்படி முடிகிறது என்று சின்ன வயதில் அண்ணனைக் கேட்டிருக்கிறேன். அதான் ஸ்டைல் என்றான். அன்று அது நின்றது. மறுபடியும் முதல் பாட்டு தொடங்குவதற்குள் யாரோ கை நீட்டி அணைத்தார்கள். அந்த அமைதியில், அண்ணனை ஏற்றிய வேனின் பின்கதவை மூடும் சத்தம் கேட்டது. இரும்புக் கதவு. ஒரு தடவையில் மூடவில்லை, இரண்டாவது தடவை இழுத்து மூடினார்கள்.

நான் அழவில்லை. பெரியம்மா ஒருவர் என் காதில் விழும்படியே, படிச்ச புள்ள, கல்லு மாதிரி நிக்குது பாரு என்று சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று பக்கத்து பிளாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு இல்லை. அம்மா ஒரு வருஷம் என்று சொன்னார், நான் சரி என்றேன். வீட்டுக்கு வெளியே கேட்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தைப் போட்டேன். சத்தம் கேட்டது. கித்தார் எது, உருமி எது, அடுத்த வரி என்ன, எல்லாம் தெரிந்தது. ஆனால் மருத்துவமனை லிஃப்டில் போடுவார்களே, அதைக் கேட்பது போல இருந்தது. இரண்டாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். சில நாட்கள் கழித்து மறுபடியும் முயற்சி செய்தேன். அப்போதும் அப்படித்தான்.

அண்ணன் போனது ஒன்று. அவனோடு அந்த ஆல்பமும் போய்விட்டது என்பது வேறு. முதலாவதை என்னால் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதை மட்டும் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. அவன் எனக்குக் கொடுத்தவற்றில் இன்னும் தேயாமல் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் இல்லையென்றால் நான் எதைக் கேட்டு அவனை நினைப்பேன் என்பதே என் கவலையாக இருந்தது. மற்றபடி சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். மேலதிகாரி நன்றாகச் செய்கிறாய் என்றார்.

இந்த ஆண்டு அந்த இசைக்குழு ஒன்றை அறிவித்தது. அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பாட்டையும் விடாமல், மேடையில் வாசிக்கப் போகிறார்கள். இதுவரை அவர்கள் அப்படிச் செய்ததில்லை. வழக்கமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்துதான் வாசிப்பார்கள். நிகழ்ச்சி பிரிக்ஃபீல்ட்ஸில், ஞாயிற்றுக்கிழமை மாலை. என் தோழி இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை, வந்து என்ன பயன் என்றேன்.

"கேக்காட்டி நில்லும்" என்றாள். "நிக்க ஏலாட்டி வெளியில வந்திடலாம். வீடு பக்கத்திலதானே."

அம்மாவிடம் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகும்போது எனக்குள் ஒரு திட்டம் போட்டேன். அந்த வார்த்தையில்லாத பாட்டை மட்டும் கேட்கக்கூடாது. அது கடைசியில்தானே வரும். அதற்கு முந்திய பாட்டு தொடங்கியதும் கழிப்பறைக்குப் போவதுபோல் வெளியே வந்துவிடுவது. தோழிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவது. எந்தப் பாட்டின் எந்த வரியில் கிளம்ப வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ரயிலை விட்டு இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கும்போதும் அந்தத் திட்டம் எனக்குச் சரியாகவே பட்டது. விளம்பரத் தட்டியில் பாட்டுப் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. பார்த்தேன். அதில் முதல் பெயரையும் பார்த்தேன். பார்த்தும் என் திட்டத்தை மாற்றவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக அந்த அசல் வரிசை எனக்குத் தெரியும். கேட்டால் ஒப்பிப்பேன். ஆனால் ஒப்பிக்கிற இடம் வேறு, ஆல்பம் இருக்கிற இடம் வேறு.

மண்டபம் நிறைந்திருந்தது. தோழி முன்னால் போகலாமா என்று கேட்டாள். நடுவில் நிற்கலாம் என்றேன். விளக்கு அணைந்தது. எல்லோரும் கத்தினார்கள். பிறகு உருமி தொடங்கியது.

அதுதான். எடுத்தவுடனே அதுதான்.

நகர இடம் இல்லை. முன்னும் பின்னும் ஆட்கள். டிரம்ஸ் சேர்ந்தது. ஏறியது. அது எந்த அளவில் போகிறது, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அச்சுப் பிசகாமல் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் செருப்பில் வார் அறுந்து, பச்சைக் கம்பியால் கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சம் வந்தது. வெட்டினாற்போல் நின்றது. மண்டபத்தில் ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. நான் வேன் கதவுக்காகக் காத்திருந்தேன்.

கதவு மூடவில்லை. கித்தார் பாய்ந்து வந்தது. ஆல்பத்திலேயே பெரிய சத்தமுள்ள பாட்டு அது, எங்கள் காரில் மூன்றாவதாக வருவது. அதன் ஆரம்பம் ஏன் அவ்வளவு திடீரென்று இருக்கிறது என்று நானும் அண்ணனும் பேசியிருக்கிறோம். அந்த உருமி இதற்குத்தான் ஏறி வந்திருக்கிறது. இதை என் தோழி எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். விளக்கம் புரிந்திருந்தது. அன்றுதான் கேட்டது.

எல்லோரும் குதித்தார்கள். நான் குதித்தேன் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறவர் கீழே நிற்க முடியாது, கூட்டம் தூக்கும்போது நாமும் மேலே போகிறோம், அது இறக்கும்போது இறங்குகிறோம். என் கால்கள் அதைச் செய்துகொண்டிருந்தன. நெஞ்சில் ஒன்றும் இல்லை. வேர்த்தது. தோழி என் கையைப் பிடித்திருந்தாள். பாட்டு முடிந்தது, குழு அடுத்ததற்குத் தயாரானது. பாடகர் மைக்கை எடுத்தார்.

அதற்குள் மண்டபத்தின் இடது மூலையில் ஒரு கும்பல் வேறொரு பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டது. பாடகர் வாயைத் திறந்தவர் அப்படியே நின்று காது கொடுத்தார்.

"ஹலோ, அது கடைசிக்கு முன்னாடி வர்ற பாட்டுலா" என்றார். "என்ன அவசரம் உங்களுக்கு?"

"எங்களுக்கு இதான் அடுத்தது" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த ஊருய்யா நீங்க?"

"கிள்ளான்."

பாடகர் திரும்பி உருமிக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "அட, பென்டிரைவ் பார்ட்டி" என்றார் மைக்கில். "டேய், ஒருத்தன்கூட ஒரிஜினல் வாங்கலையாடா அந்த ஊருல?"

மண்டபமே சிரித்தது. என் தோழி சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நானும் பாடியிருக்கிறேன். இடது மூலை பாடத் தொடங்கியபோது கூடவே, அல்லது அதற்கு முன்பே, என் வாய் அந்த அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. பாடகர் கேள்வி கேட்கும்போது இரண்டாவது வரியில் இருந்திருக்கிறேன்.

சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்போமே, இருக்கிறதா என்று, அது போல. இருந்தது. மரத்துப்போய் இருந்தது, ஆனால் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த வரிசை அண்ணனுடையது மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவன் காரோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதே கடையில் எத்தனை பேர் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மூலை நிறைய ஆட்கள் அதே தப்போடு நின்றுகொண்டிருந்தார்கள்.

இடைவேளை விட்டபோது தோழி தண்ணீர் வாங்கப் போனாள். நான் இடது மூலைப் பக்கம் போனேன். ஏன் போனேன், என்ன பேசப் போனேன் என்று தெரியாது. ஓர் அக்கா சுவரில் சாய்ந்து காலணியைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டிருந்தார். கறுப்பு டீசட்டையில் குழுவின் சின்னம் வெளுத்துப்போயிருந்தது. நான் நிற்பதைப் பார்த்து, "கிள்ளானா தங்கச்சி?" என்றார். ஆமாம் என்றேன். எந்தக் கடையில ஏத்துனீங்க என்று கேட்டார். கடையைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, பாத்தியா, அதே கடைதான் என்றார். தன் வீட்டுக்காரரும் லோரி ஓட்டுகிறவர்தான் என்றும், வடக்குத் துறைமுகத்தில் வரிசையில் நிற்கிற லோரிகளில் பாதி இப்படித்தான் பாடும் என்றும் சொன்னார்.

"உனக்கு யாரு ஏத்திக் குடுத்தா?"

"அண்ணன்."

"வரலையா?"

"இறந்துட்டாரு. போன வருஷம்."

அக்கா காலை நீவுவதை நிறுத்தினார். "லோரியா?" என்று கேட்டார்.

"லோரிதான் ஓட்டுவாரு. போனது மோட்டார்ல."

அவர் தலையை ஆட்டினார். கையில் இருந்த தண்ணீர் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பிறகு, அடுத்த மாதம் ஈப்போவில் இதே நிகழ்ச்சி நடக்கிறது என்றும், அவர்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போகிறார்கள் என்றும், இடம் இருக்கிறது என்றும் சொன்னார். அங்கேயும் தப்பாகத்தான் பாடுவோம் என்றார். யோசிச்சு சொல்றேன் அக்கா என்று அவருடைய போன் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியை அந்த மூலையில்தான் நின்று கேட்டேன். தோழி என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கும்பல் தப்பான அடுத்த பாட்டைத் தொடங்கியது. பாடகர் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்டல் செய்தார். அசல் வரிசை தெரிந்த என் தோழி இடுப்பில் கைவைத்து நின்று, ஐயோ, உங்களுக்கெல்லாம் என்ன செய்யிறது என்றாள். கடைசிப் பாட்டு எனக்கு எந்த நினைவும் இல்லாத ஒரு பாட்டாக இருந்தது. காரில் அது நடுவில் எங்கோ வரும், அண்ணன் அந்த நேரத்தில் பெரும்பாலும் போன் பேசுவான். அது அவ்வளவு நல்ல பாட்டு என்று எனக்குத் தெரியாது. அதற்கும் நான் அழவில்லை. நின்று முழுசாகக் கேட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஆல்பத்தைப் போட்டேன். பென்டிரைவ் வரிசையில் இரண்டாவது பாட்டைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, இறங்க வேண்டிய இடம்வரை ஓடியது. லிஃப்ட் பாட்டு போல இல்லை. எப்போதும் போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

வேலை முடிந்ததும் ஈப்போவுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஆல்பத்தை வாசிக்கிறார்கள், கிள்ளான் ஆட்களோடு வேனில் போகிறேன் என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கிற கை நின்றது.

"வேனை யாரு ஓட்டுறா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் முன்னாலேயே அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று முதலில் சொன்னேன். பிறகு அம்மா கேட்டதைக் கேட்டேன். தன் வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார், அவரை அம்மாவோடு பேசச் சொல்கிறேன் என்றார். போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் சொல்வதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.